தீவனத்துக்கும் பதம் உண்டு

சோயாவையும் தானியத்தையும் சரியான சூட்டில் வறுத்துக் கொடுத்தால் மாட்டுக்கு என்ன லாபம்? கொச்சி முதல் கொங்கு நாடு வரை மாடு வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சேலத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக வந்து கொச்சி இடப்பள்ளியில் முடிகிறது. அங்கிருந்து தெற்கே போகும் லாரிகள் பைபாஸில் திரும்பி, வைட்டிலா மேம்பாலம் ஏறி, அரூர், சேர்த்தலை என்று ஆலப்புழைப் பக்கம் இறங்குகின்றன. நாமக்கல் முட்டை போகிறது. பாலக்காட்டு வைக்கோல் போகிறது. தார்ப்பாய் போட்டு மூடிய மக்காச்சோள மூட்டைகளும் புண்ணாக்கு மூட்டைகளும் போகின்றன. சேர்த்தலைக்கு அருகே பட்டணக்காட்டில், கேரளத்தின் பால் கூட்டுறவு அமைப்பான மில்மாவின் மாட்டுத் தீவன ஆலை இருக்கிறது. மலம்புழையில் மில்மாவுக்கு இன்னொரு ஆலை. மாநில அரசு 1995-ல் தொடங்கிய கேரளா ஃபீட்ஸ் நிறுவனத்துக்குத் திருச்சூர் மாவட்டம் கல்லேற்றுங்கரையில் ஆலை. இத்தனை ஆலைகளுக்கும் தேவையான மக்காச்சோளமும் சோயாவும் கேரள மண்ணில் விளைவது மிகச் சொற்பம். கர்நாடகம், தமிழ்நாடு, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று வெளியிலிருந்துதான் எல்லாம் வந்தாக வேண்டும்.

வைட்டிலாவிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1958-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கே பொக்காளி நெல்லுக்காகவே உழைத்து, ‘வைட்டிலா’ என்ற பெயரிலேயே பல ரகங்களைத் தந்திருக்கிறது. உப்பங்கழி வயலில் ஆளுயரம் வளரும் பொக்காளியில் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு, தாளை வயலிலேயே விட்டுவிடுவார்கள். தாள் தண்ணீரில் அழுகி, அடுத்து வளரும் இறாலுக்கு இரையாகும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்த வயலிலிருந்து மாட்டுக்கு வைக்கோல் கிடைக்காது. இன்று அந்த வயல்களிலும் பெரும்பகுதி கட்டடங்களாகிவிட்டது. வைக்கோலிலிருந்து புண்ணாக்கு வரை எல்லாவற்றுக்கும் வழிச்செலவு கொடுத்துத்தான் இங்கே மாடு வளர்க்க வேண்டியிருக்கிறது.

பால் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது என்பது பால் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. தீவனத்தில் விலை கூடியது புரதம். அந்தப் புரதத்தில் நல்ல பங்கு மாட்டின் உடம்பில் சேராமலே சிறுநீரில் கழிந்து போகிறது. இந்த இழப்பைக் குறைக்க உலகம் கண்ட எளிய வழிகளில் ஒன்று, சரியான சூட்டில் வறுப்பது. அமெரிக்கப் பண்ணைகளில் நாற்பது ஆண்டுகளாகப் பழகிப்போன இந்த வேலை நம் ஊர்த் தொழுவங்களுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த இடங்களிலும் பதம் தெரியாமல் கருக்கிவிடுகிறார்கள்.

பச்சை சோயாவில் என்ன குறை?

சோயா மொச்சையில் 38 முதல் 40 சதவீதம் புரதம். 18 முதல் 20 சதவீதம் எண்ணெய். பயறு வகைகளில் இதற்கு இணை இல்லை. இந்தியாவில் மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னை ஒட்டி விளைவிக்கின்றன. ஆனால் தன் விதையைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ள அந்தச் செடி சில தடுப்புப் பொருள்களையும் விதைக்குள் வைத்திருக்கிறது. அவற்றில் முக்கியமானது டிரிப்சின் தடுப்பான். புரதத்தைச் செரிக்கக் கணையம் சுரக்கும் டிரிப்சினை இது பிடித்துக் கட்டிவிடும். செரிக்க வழியில்லாத புரதம் அப்படியே வெளியேறும். இழப்பை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரந்து வீங்கும். பச்சை சோயா தின்ற கோழிக்குஞ்சு வளராமல் குன்றிப்போவதற்குக் காரணம் இதுதான்.

1917-ல் அமெரிக்காவில் தாமஸ் ஆஸ்பர்ன், லஃபாயட் மெண்டல் என்ற இருவர் எலிகளுக்குப் பச்சை சோயாவையும் வேகவைத்த சோயாவையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். வெந்ததைத் தின்ற எலிகள் வளர்ந்தன. பச்சையாகத் தின்றவை தேறவில்லை. சூடு ஏதோ ஒன்றை மாற்றுகிறது என்பது அன்றே உறுதியானது. அந்த ‘ஏதோ ஒன்றை’ 1945-ல் மோசஸ் குனிட்ஸ் படிகமாகப் பிரித்தெடுத்துக் காட்டினார். இன்றும் அதற்குக் குனிட்ஸ் தடுப்பான் என்றே பெயர். இந்தூரில் உள்ள சோயா ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தடுப்பான் இல்லாத ‘என்ஆர்சி 127’ என்ற ரகத்தையே உருவாக்கியிருக்கிறது. ஆனால் சந்தைக்கு வரும் சோயாவில் பெரும்பகுதி பழைய ரகங்கள்தான். அவற்றுக்குச் சூடு காட்டியே ஆக வேண்டும்.

நம் முன்னோர் இந்த வேதியியலைப் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் குதிரைக்கும் வண்டிக்காளைக்கும் கொள்ளை வேகவைத்துத்தான் போட்டார்கள். கொள்ளிலும் இதே வகைத் தடுப்பான் உண்டு. வெந்த கொள்ளு தின்ற காளைதான் பாரம் இழுக்கும் என்பதை அவர்கள் மாட்டைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தை அறிவியல் அளந்து சொல்லும் காலம் இது.

மாட்டின் முதல் வயிற்றில் நடப்பது

“கோழிக்குத்தானே அந்தத் தொல்லை, மாடு எதையும் செரித்துவிடுமே” என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. டிரிப்சின் தடுப்பானையும் அவை பெரும்பாலும் சிதைத்துவிடும். பெருவயிறு இன்னும் விழிக்காத பால்குடிக் கன்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது இந்த விஷயத்தில் கோழியைப் போலத்தான். கன்றுக்குப் பச்சை சோயா மாவைக் கரைத்துக் கொடுப்பது பெரிய தவறு.

வளர்ந்த கறவை மாட்டில் சிக்கல் வேறு. அந்த நுண்ணுயிர்கள் தடுப்பானோடு சேர்த்து நல்ல புரதத்தையும் சிதைத்து அமோனியாவாக்கிவிடுகின்றன. அந்த அமோனியாவில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அவை பெருகுகின்றன. பிறகு அவையே குடலுக்குப் போய் மாட்டுக்குப் புரதமாகின்றன. குறைந்த அளவு பால் தரும் மாட்டுக்கு அது போதும். அதிகம் கறக்கும் மாட்டுக்குப் போதாது. நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் அமோனியா ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் யூரியாவாகி, சிறுநீரில் வெளியேறுகிறது. காசு கொடுத்து வாங்கிய புரதம் தொழுவத்து வடிகாலில் போகிறது. அமோனியாவை யூரியாவாக்க மாடு தன் சக்தியையும் செலவழிக்கிறது.

ஒரு கிலோ பச்சை சோயாவில் ஏறத்தாழ 380 கிராம் புரதம். இதில் 70 சதவீதத்துக்கும் மேல் பெருவயிற்றிலேயே சிதைந்துவிடும். குடலுக்கு நேராகப் போய்ச் சேருவது சுமார் 100 கிராம். பதமாக வறுத்தால் பாதியளவே சிதையும். அப்போது குடலுக்குப் போவது 190 கிராமை எட்டும். சோயா அதேதான், எடையும் அதேதான், கிடைப்பது மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கால்நடை மருத்துவர்கள் பைபாஸ் புரதம் என்று சொல்வது இதைத்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள பால்மாட்டுத் தீவன ஆராய்ச்சி மையத்தில் லாரி சாட்டர் குழுவினர் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். கன்று ஈன்ற புதிதில் உள்ள மாடுகளுக்கு வறுத்த சோயா கொடுத்தபோது, பச்சை சோயா தின்ற மாடுகளைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிலோ பால் கூடியது என்று 1991-ல் வெளியிட்டார்கள். அவை நம் மாடுகளைப் போலப் பல மடங்கு கறக்கும் மாடுகள். இங்கே அதே 4 கிலோவை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் திசை அதுதான்.

பதம் 146 டிகிரி

வறுப்பது என்றதும் அடுப்பை எரியவிட்டுப் புரட்டுவது என்று நினைத்தால் நஷ்டம்தான். சூடு குறைந்தால் பச்சையும் வறுத்ததும் ஒன்று. சூடு மிஞ்சினால் அதைவிட மோசம். சோயாவில் உள்ள சர்க்கரை, புரதத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்துகொள்ளும். இதை மெயிலார்டு வினை என்கிறார்கள். பண்டம் பொன்னிறமாவதும் மணப்பதும் இந்த வினையால்தான். அளவாக நடந்தால் அந்தப் பிணைப்பே பெருவயிற்று நுண்ணுயிர்களிடமிருந்து புரதத்தைக் காக்கிறது. அளவு மீறினால் குடலாலும் அதை அவிழ்க்க முடியாது. பெருவயிற்றைத் தாண்டிய புரதம் குடலையும் தாண்டிச் சாணத்தில் போய்விடும்.

மேடிசன் ஆய்வுகள் காட்டிய பதம் இது: சோயா மணியின் சூடு 146 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். எட்டியதும் ஆறவிடாமல் குவித்து மூடி அரை மணி நேரம் அந்தச் சூட்டிலேயே விட வேண்டும். பிறகு காற்றடித்து முழுக்க ஆற்ற வேண்டும். அந்த அரை மணி நேரத்தைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறார்கள். வறுக்கும் டிரம்மிலிருந்து கொட்டிய உடனே பரப்பி ஆற்றினால் மணியின் மேல் தோல்தான் வறுபட்டிருக்கும், நடுப்பருப்பு பச்சையாகவே நிற்கும். அதேபோல் ஆற்றாமல் மூட்டை கட்டினால் உள்ளே சூடு அடங்காமல் கருகும், சில சமயம் தீயே பிடிக்கும். கோழிக்கும் பன்றிக்கும் இவ்வளவு சூடு தேவையில்லை. தடுப்பான் அழிந்தால் போதும் என்பதால் 115 முதல் 125 டிகிரியில் நிறுத்திக்கொள்ளலாம்.

எரிபொருள் கணக்கும் பயப்படும்படி இல்லை. ஒரு டன் சோயாவை 30 டிகிரியிலிருந்து 146 டிகிரிக்கு ஏற்றவும், அதிலுள்ள ஈரத்தில் ஒரு பகுதியை ஆவியாக்கவும் ஏறத்தாழ 370 மெகாஜூல் வெப்பம் தேவை. பாதி வெப்பம் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் 16 கிலோ எரிவாயு போதும். கடைகளில் வைக்கும் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றில் ஒரு டன்னை வறுத்து முடிக்கலாம். இது நல்ல சுழல் டிரம்மில் வறுத்தால் வரும் கணக்கு. வீட்டு இரும்புச் சட்டியில் பத்து பத்து கிலோவாக வறுத்தால் எரிபொருள் பல மடங்கு போகும், சூடும் ஒரே சீராக இருக்காது. நிலக்கடலை வறுப்பவர்கள் சட்டியில் மணலைச் சூடேற்றி அதற்குள் கடலையைப் புரட்டுவார்கள். மணல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சூடு கொடுக்கும். சிறிய அளவில் சோயா வறுக்கவும் அந்த முறை நல்லது. ஆனால் மணலை முழுக்கச் சலித்துவிட வேண்டும்.

வறுத்த மணியை மாவாக அரைப்பது தவறு. மாவானால் நுண்ணுயிர்கள் எளிதில் சிதைத்துவிடும், வறுத்த பயன் போய்விடும். முழு மணியாகப் போட்டால் மெல்லாமல் சாணத்தில் வெளியேறும். பாதியும் காலுமாக உடைத்துப் போடுவதே சரி.

பதம் தெரிந்துகொள்ளும் சோதனை

நிறத்தையும் மணத்தையும் நம்பி ஓரளவு சொல்லலாம். பச்சை வாடை போய்க் கடலை மணம் வர வேண்டும். மணியைப் பிளந்து பார்த்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே பொன்பழுப்பாக இருக்க வேண்டும். கரும்பழுப்பும் கருகல் நெடியும் வந்தால் அந்தச் சரக்கு மாட்டுக்கு ஆகாது.

அடுத்தது யூரியேஸ் சோதனை. சோயாவில் யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. டிரிப்சின் தடுப்பான் அழியும் சூட்டிலேயே இதுவும் அழியும். அதனால் யூரியேஸ் போய்விட்டது என்றால் தடுப்பானும் போய்விட்டது என்று பொருள். சோயாத் தூளின் மேல் யூரியாவும் பீனால் ரெட் நிறமியும் கலந்த கரைசலை ஊற்றினால், பச்சை சோயா சில நிமிடங்களில் சிவந்துவிடும். நன்றாக வறுபட்டது அங்கங்கே சில புள்ளிகள் மட்டும் காட்டும். ஒரு மேசையும் இரண்டு கண்ணாடித் தட்டும் இருந்தால் எந்தப் பால் சொசைட்டியிலும் செய்துவிடலாம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. வறுப்புக் குறைந்ததை இது காட்டும், மிஞ்சியதைக் காட்டாது. மிஞ்சிய வறுப்பைக் கண்டுபிடிக்கப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புரதம் எவ்வளவு கரைகிறது என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். கோழித் தீவனத்துக்கு 70 முதல் 85 சதவீதம் கரைந்தால் நல்ல பதம். அதற்குக் கீழே போனால் கருகியது, மேலே போனால் வேகாதது. தமிழ்நாட்டில் இந்த வகைச் சோதனைகளுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது.

யூரியேஸால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கலப்புத் தீவனங்கள் சிலவற்றில் அளவோடு யூரியா சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட தீவனத்தோடு பச்சை சோயா மாவைக் கலந்து, ஈரம் பட்டால் அமோனியா நெடி கிளம்பும். மாடு வாய் வைக்காது. யூரியா அளவு மீறியிருந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது.

கொச்சிக்குப் பழகிய சூடு

மட்டாஞ்சேரியின் பழைய கடைவீதியில் கொப்பரையும் தேங்காய் எண்ணெயும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன. தேங்காய் எண்ணெய்க்குக் கொச்சி விலைதான் தென்னிந்தியாவுக்கு அளவுகோல். திருப்பூர் மாவட்டத்துக் காங்கயத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர்களும் காலையில் கேட்பது கொச்சி விலையைத்தான். எண்ணெய் போன பின் மிஞ்சும் தேங்காய்ப் புண்ணாக்கு கேரளத்து மாடுகளின் பரம்பரைத் தீவனம். எக்ஸ்பெல்லரில் கொப்பரை நசுங்கும்போது உரசல் சூடு கடுமையாக ஏறும். அந்தச் சூட்டில் புண்ணாக்கின் புரதம் தானாகவே வறுபடுகிறது. அதனால் தேங்காய்ப் புண்ணாக்கின் புரதத்தில் கணிசமான பங்கு பெருவயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போகிறது. புரத அளவு 20 சதவீதத்தை ஒட்டியே இருந்தாலும் மாடு அதில் நன்றாகக் கறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பைபாஸ் புரதம் என்ற பெயர் தெரியாமலே கேரளத்து மாடுகள் அதைத் தின்று வந்திருக்கின்றன.

எர்ணாகுளம் மாவட்டத்துக் காலடியும் பெரும்பாவூரும் அரிசி ஆலைகளுக்குப் பேர்போனவை. அங்கே அரைபடுவது பெரும்பாலும் புழுங்கல் நெல். அரைத்த உடனே தவிட்டில் உள்ள லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். பச்சரிசித் தவிடு சில நாளில் சிக்கு வாடை அடிப்பது அதனால்தான். புழுங்கல் நெல் ஏற்கனவே ஆவியில் வெந்தது. அந்தச் சூட்டில் லைப்பேஸ் அழிந்துவிடுவதால் புழுங்கல் தவிடு நீண்ட நாள் கெடாமல் இருக்கும். பருத்திக்கொட்டையிலும் இதே கதைதான். அதிலுள்ள காசிபால் என்ற நச்சுப்பொருள் சூட்டில் புரதத்தோடு பிணைந்து, தீங்கு பெரிதும் குறைகிறது.

ஆக, தேங்காய்ப் புண்ணாக்கு, புழுங்கல் தவிடு, பருத்திக்கொட்டை என்று நம் தீவனப் பட்டியலில் சூடு எப்போதும் இருந்தே வந்திருக்கிறது. புதிதாக வந்து சேர்ந்த சோயாவுக்கு மட்டும் அதை நாம் மறந்துவிட்டோம். கரைப்பான் முறையில் எண்ணெய் எடுத்து ஆலையிலிருந்து வரும் சோயாப் புண்ணாக்கு ஏற்கனவே சூடு கண்டதுதான், தடுப்பானும் அழிந்திருக்கும். ஆனால் பைபாஸ் அளவுக்கு அது வறுபட்டிருக்காது. அதை வாங்குபவர்கள் தனியாக வறுக்க வேண்டியதில்லை. மொச்சையாகவோ பச்சை மாவாகவோ வாங்குபவர்கள்தான் இந்தக் கட்டுரையைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

தானியத்தை வறுக்கலாமா?

மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதம்தான், 70 சதவீதம் மாவுச்சத்து. அதை வறுத்தால் ஈரம் போகும், பூச்சி சாகும், மணம் கூடி மாடு விரும்பித் தின்னும். மாவுச்சத்தும் ஓரளவு எளிதில் செரிக்கும். ஆனால் தானியத்துக்கு வறண்ட சூட்டைவிட ஈரச் சூடே அதிக பலன் தரும். நீராவியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்து, உருளைகளுக்கிடையே அவலாகத் தட்டினால் மாவுச்சத்து நன்றாக வெந்து விரியும். இதில் மிக அதிகம் பயன்பெறுவது நம் சோளம். அதன் மாவுமணிகளைச் சுற்றிக் கெட்டியான புரதச் சுவர் இருக்கிறது. நீராவியும் அழுத்தமும் அந்தச் சுவரை உடைக்கின்றன.

எளிதில் செரிக்கும் மாவுச்சத்து அளவு மீறினால் பெருவயிறு புளித்து, அசிடோசிஸ் வரும். மாடு தீனி விடும், கால் நொண்டும். வைக்கோலும் பசும்புல்லும் போதாத கேரளத் தொழுவங்களில் இந்த ஆபத்து அதிகம். எனவே தானியத்தை வறுப்பதற்கு அவசரம் வேண்டாம். ஒன்றிரண்டாக உடைத்து, வைக்கோலோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். வறுப்புச் செலவைச் சோயாவுக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

சூட்டுக்கு அடங்காத நஞ்சு

வறுத்துவிட்டால் பூஞ்சைக் கேடும் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது ஆபத்தான நம்பிக்கை. சூடு பூஞ்சையைக் கொல்லும், அது ஏற்கனவே கக்கிவைத்த அஃப்ளாடாக்சினைக் கொல்லாது. அந்த நஞ்சு 200 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். வறுப்பதில் கொஞ்சம் குறையலாம், போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சே காரணம் என்று தெரிந்த பிறகுதான் உலகம் அஃப்ளாடாக்சினை அறிந்தது.

தீவனத்தில் அந்த நஞ்சு இருந்தால் ஒரே நாளில் எம்1 என்ற வடிவில் பாலில் வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 368 மாதிரிகளில் எம்1 நஞ்சு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. அதிகம் காணப்பட்ட மூன்று இடங்கள் தமிழ்நாடு, டெல்லி, கேரளம். தண்ணீர் கலப்படத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். தண்ணீரைவிடக் கொடிய இந்தக் கலப்படம் தீவன மூட்டைக்குள்ளிருந்து வருகிறது என்பதைப் பேசுவதில்லை.

கொச்சியின் ஈரக்காற்றில் மூட்டை வியர்க்கும். சரியாகக் காயாத கொப்பரை, தரையில் அடுக்கிய மக்காச்சோளம், மழைக்கு நனைந்த புண்ணாக்கு, மூன்றும் பூஞ்சைக்கு விருந்து. தானியத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். பூஞ்சை பிடித்த சரக்கை வறுத்துக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது, ஒதுக்கிவிட வேண்டும். வறுத்த சோயாவிலும் எண்ணெய் அதிகம் என்பதால் மழைக்காலத்தில் சில வாரத் தேவைக்கு மேல் வறுத்து வைக்கக் கூடாது.

எந்த மாட்டுக்கு?

எல்லா மாட்டுக்கும் வறுத்த சோயா வேண்டியதில்லை. வைக்கம் அருகே வெச்சூரில் பிறந்த குட்டைப் பசு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கறக்கும். அதற்கு நுண்ணுயிர்கள் தரும் புரதமே தாராளம். காங்கயம் காளைக்கும் வற்றிய மாட்டுக்கும் கூடத் தேவையில்லை. 1963-ல் மாடுப்பட்டியில் தொடங்கிய இந்தோ-சுவிஸ் திட்டத்திலிருந்து வந்த சுனந்தினி போன்ற கலப்பினங்கள், ஜெர்சி, ஹோல்ஸ்டைன் கலப்புகள், இவற்றில் நாளுக்கு 10, 12 லிட்டருக்கு மேல் கறப்பவை, குறிப்பாகக் கன்று ஈன்ற முதல் மூன்று மாதத்தில் உள்ளவை, இவற்றுக்கே முழுப் பலன் கிடைக்கும். அந்தச் சமயத்தில் மாடு தின்பதைவிட அதிகமாகக் கறக்கும், தன் உடம்பையே கரைத்துப் பால் தரும். குடலுக்கு நேராகப் போகும் புரதமும் சோயாவின் எண்ணெய்ச் சக்தியும் அப்போது இரட்டை உதவி.

அளவும் முக்கியம். நாளுக்கு அரை கிலோவில் தொடங்கி, நன்றாகக் கறக்கும் மாட்டுக்கு ஒரு கிலோ வரை படிப்படியாகப் போகலாம். எண்ணெய் மிகுந்தால் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும், பாலில் கொழுப்பு குறையும். தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்த்துக் கொடுப்பவர்கள் இரண்டின் எண்ணெயையும் கூட்டிப் பார்க்க வேண்டும். உள்ளூர்க் கால்நடை மருத்துவரைக் கேட்டு அளவை முடிவுசெய்வது நல்லது.

கூட்டுறவின் கையில்

2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை கிலோ 100 ரூபாயை நெருங்கியது. நாமக்கல் கோழிப் பண்ணைகள் திணறின. அந்த ஆகஸ்டில் மத்திய அரசு, முதல்முறையாக, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய அனுமதித்தது. 2023 ஜூலையில் தீவன விலை ஏறியபோது எண்ணெய் நீக்கிய தவிட்டின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. விலை ஏறும்போதெல்லாம் துறைமுகக் கதவைத் திறப்பதும் மூடுவதுமே நம் தீவனக் கொள்கையாக இருக்கிறது. மாட்டின் வயிற்றுக்குள் வீணாகும் புரதத்தை மிச்சப்படுத்தும் வழியை யாரும் கொள்கையாகப் பேசவில்லை. ஒரு டன்னுக்கு ஒரு சிலிண்டர் செலவில் முடியக்கூடிய காரியம் இது.

சுழல் டிரம், வெப்பமானி, மூடிவைக்கும் தொட்டி, ஆற்றும் விசிறி: ஒரு வறுப்பு நிலையத்துக்கு இவ்வளவுதான் வேண்டும். தனி ஒரு பண்ணையாளர் வாங்கினால் கட்டாது. பத்துப் பதினைந்து சொசைட்டிகள் சேர்ந்தால் கட்டும். மில்மாவும் ஆவினும் தங்கள் ஒன்றியங்களில் சோதனை முறையில் ஆளுக்கொரு நிலையம் தொடங்கலாம். மண்ணுத்தி, நாமக்கல் கால்நடைக் கல்லூரிகள் நம் கலப்பின மாடுகளில், நம் வைக்கோலோடும் புல்லோடும், எந்த மாட்டுக்கு எவ்வளவு என்று அளந்து சொல்லலாம். விஸ்கான்சினின் எண்ணை அப்படியே இங்கே எழுதிக்கொள்ள முடியாது. பால் சொசைட்டிகளில் கொழுப்பு அளக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே யூரியேஸ் சோதனைக்கு ஒரு தட்டு வைக்கலாம். தீவன மூட்டையில் புரத சதவீதம் அச்சடிக்கிறார்கள். அதில் குடலுக்குப் போவது எவ்வளவு என்பதையும் அச்சடிக்கச் சட்டம் கேட்கலாம்.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை சோயாவை மொச்சையாகவோ மாவாகவோ வாங்கும்போது “இது வறுத்ததா, எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம்?” என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள். வறுக்காத சோயாவைக் கன்றுக்கும் கோழிக்கும் தராதீர்கள். யூரியா கலந்த தீவனத்தோடு சேர்க்காதீர்கள். பூஞ்சை வாடை அடிக்கும் மூட்டையை என்ன விலையானாலும் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால்தான் ஆலைகளும் சொசைட்டிகளும் பதிலைத் தயாராக வைத்திருக்கும்.